எல்லாப் பிராசஸரிலும் ஓடும் டிரைவரும் அருளின் ரிலீவிங் லெட்டரும்

உங்கள் குழுவின் புதிய திட்டத்தைப் படித்தேன். ஒரே டிரைவர், எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் எந்தப் பிராசஸரிலும் அப்படியே ஓடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவளையும் நினைவு வைத்துக் கருத்துக் கேட்டதற்கு நன்றி. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், படித்ததும் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. இதே பெண்ணை நான் பல கல்யாணங்களில் மணப்பெண்ணாகப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புடவைதான் வேறு.

முடியுமா, முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கால்வாசி முடியும். மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஏனென்றால் அந்தக் கால்வாசிக்குள் மாட்டிக்கொண்டு, வேலையை விட்டுப் போகவும் முடியாமல் தவித்த ஒருவனை எனக்குத் தெரியும்.

உங்களில் சிலர் விற்பனைப் பிரிவிலிருந்து புதிதாக வந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்காக ஒரு விளக்கம். பெங்களூர் பீன்யாவில் நம் கம்பெனி செய்வது ஒரு கார்டு. இயந்திரம் செய்கிறவர்கள் அதை வாங்கித் தங்கள் இயந்திரத்துக்குள் சொருகிக்கொள்கிறார்கள். மோட்டாரை ஓட்டு, வால்வைத் திற, மூடு என்கிற கட்டளைகளை அந்தக் கார்டுதான் நிறைவேற்றுகிறது. இயந்திரத்தின் கணினிக்கும் கார்டுக்கும் நடுவில் நின்று பேச்சு நடத்துகிற மென்பொருள்தான் டிரைவர். இதில் தலைவலி என்னவென்றால், ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருப்பார். பிராசஸரும் வேறாக இருக்கும். அதனால் கார்டு ஒன்றே ஒன்று, டிரைவர்களோ ஒரு பட்டாளம். ஒன்றில் ஒரு பிழையைத் திருத்தினால் மற்ற எல்லாவற்றிலும் திருத்த வேண்டும். ஏதாவது ஒன்றில் மறந்துபோகும். அந்த ஒன்று எந்தத் தொழிற்சாலையில் இருக்கிறதோ அங்கிருந்து சண்டை வரும்.

அந்தச் சலிப்பில்தான் எங்கள் டைரக்டருக்கு இந்த ஆசை வந்தது. அவரைக் குறை சொல்லி எழுத நான் உட்காரவில்லை. கெட்டிக்காரர், மைசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்து தமிழ் பேசுவார். ஒரு நாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நோடி ரெஜினா மேடம், கார்டு ஒண்ணுதானே? டிரைவரும் ஒண்ணு போதும். ஓ.எஸ். மாறட்டும், பிராசஸர் மாறட்டும், நம்ம டிரைவர்ல ஒரு எழுத்துகூட மாறக்கூடாது."

பலகையில் மூன்று பெட்டிகள் வரைந்தார். மேல் பெட்டி டிரைவர். அதற்குக் கார்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. கீழ்ப் பெட்டியில் ஆபரேட்டிங் சிஸ்டமும் பிராசஸரும். நடுவில் ஓர் அடுக்கு. மேலே இருப்பவர் பொதுவான மொழியில் கேட்பதை, கீழே இருப்பவருக்குப் புரிகிற மாதிரி அது மாற்றிச் சொல்லும். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நடுப் பெட்டியை யார் எழுதுவது என்று நான் கேட்டேன். எல்லோரும் அருளைப் பார்த்தார்கள்.

அருள் கோலார் தங்கவயல்காரன், கே.ஜி.எஃப். என்பார்களே, அந்த ஊர். தினமும் விடியுமுன் கிளம்பி, ரயிலில் பெங்களூர் வந்து, மெட்ரோ பிடித்து பீன்யா வந்து சேருவான். நான் லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவதற்கே அலுத்துக்கொள்கிறவள். அவனைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். குழுவில் எல்லாப் பிராசஸர்களின் குணத்தையும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எந்தப் பிராசஸர் எண்களை முன்னிருந்து எழுதும், எது பின்னிருந்து எழுதும், எது எந்த நேரத்தில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அவன் எழுதினான். நன்றாகவே எழுதினான். அடுக்கு வந்த பிறகு நாங்கள் எல்லோரும் பிராசஸரை மறந்தோம். மறப்பதற்காகத்தானே அது? டிரைவரில் எதை எழுதினாலும் எல்லா இடத்திலும் ஓடியது. டைரக்டர் இதையே சொல்லிப் புதிய வாடிக்கையாளர்களைப் பிடித்தார். எங்களுக்கு வேலை குறைந்தது, மாலையில் நேரத்தோடு வீட்டுக்குப் போனோம்.

அருளுக்குக் குறையவில்லை. எந்த ஊரில் எது நின்றாலும் போன் அவனுக்குத்தான் வரும். முன்பு ஒவ்வொரு டிரைவருக்கும் ஓர் ஆள் இருந்தோம், வசவும் பங்கு போட்டு வந்தது. இப்போது மொத்தமும் ஒரே இடத்துக்குப் போனது. நின்றுகொண்டு ரயிலில் வரும்போதும் ஒரு கையில் போன் வைத்துப் பேசுவான். பங்காருபேட்டை தாண்டினால் சிக்னல் போய்விடும், அந்தக் கொஞ்ச நேரம்தான் மேடம் நிம்மதி என்று ஒரு முறை சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நாங்களும் சிரித்தோம்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது வேலையை விடப்போவதாகச் சொன்னான். கோலார் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் குறைவு, ஆனால் வீட்டிலிருந்து பைக்கில் போய்விடலாம் என்றான். நான் கொஞ்சம் யோசித்துப் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் சொல்கிற சம்பிரதாய வார்த்தைதான்.

"யோசிச்சிட்டேன் மேடம். எங்க நைனா மைன்ஸ்ல வேலை செஞ்சாரு. பூமிக்கு அடியில அவ்ளோ ஆழம் போவாரு. ஆனா ஷிப்ட் முடிஞ்சா மேல வந்துடுவாரு, எங்ககூட உக்காந்து சாப்புடுவாரு. நான் ஏ.சி. ரூம்ல உக்காந்துகினு இருக்கேன். எனக்குத்தான் ஷிப்ட்டே முடிய மாட்டேங்குது."

டீயைக் குடித்துவிட்டு உள்ளே போனோம்.

வேலையை விடுவதென்றால் இந்த ஊரில் உடனே எழுந்து போய்விட முடியாது, உங்களுக்குத் தெரியும். நோட்டீஸ் காலம் இருக்க வேண்டும். அதில் தெரிந்ததையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குக் கே.டி. என்று பெயர். போகிறவர் பேசுவார், இருக்கிறவர்கள் போனைப் பார்ப்பார்கள், எல்லாம் வீடியோவாகப் பதிவாகும், அந்த வீடியோவை உலகத்தில் ஒருவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். இதெல்லாம் முடிந்தால் ரிலீவிங் லெட்டர் கையில் வரும். அது இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அருள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். வெள்ளிக்கிழமை லெட்டர், திங்கட்கிழமை பாலிடெக்னிக் என்று முடிவாகியிருந்தது.

அந்தக் கடைசி வாரத்தில்தான் ஓசூரிலிருந்து போன் வந்தது. பால் பாக்கெட் நிரப்பும் இயந்திரம் செய்கிற கம்பெனி, எங்கள் பெரிய வாடிக்கையாளர். பழைய பிராசஸரை மாற்றிப் புதியது போட்டிருந்தார்கள். எங்கள் டிரைவர்தான் எதையும் சாராததாயிற்றே, அப்படியே எடுத்துப் பொருத்தினார்கள். ஓடியது. ஆனால் எப்போதாவது ஒரு முறை, ஒரே பாக்கெட்டில் இரண்டு தடவை பாலை ஊற்றியது.

நானும் அருளும் திவ்யாவும் போனோம். திவ்யா கோயம்புத்தூர்ப் பெண், குழுவில் சேர்ந்து அதிக நாளாகவில்லை, நல்ல சூட்டிகை. நாங்கள் போய் நின்றபோது இயந்திரம் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பாக்கெட் பொங்கி, கன்வேயர் பட்டையெல்லாம் நனைந்து, பால் தரையில் ஓடி எங்கள் செருப்பு வரை வந்தது. அந்தக் கம்பெனியின் மேனேஜர் பாலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு படியையும் திரையில் எழுதிக் காட்டும் 'லாக்' என்ற வசதியைத் திவ்யா போட்டுவிட்டாள். போட்டவுடன் கோளாறு காணாமல் போனது. எவ்வளவு நேரம் நின்றாலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. அதை நிறுத்தினால் மறுபடி வழிகிறது. பல்வலி டாக்டர் வீட்டு வாசலில் நின்றுபோகிற கதைதான். நம் தொழிலில் இதைவிட எரிச்சலான விஷயம் வேறு இல்லை.

டைரக்டருக்குப் போன் செய்தேன். "ஆ லாக்கை ஆன்லயே விட்டுட்டு வந்துடுங்க மேடம். மெஷின் ஓடுதல்லா? அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

அருள் அந்த இடத்தில் சரி என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவனுக்கு வெள்ளிக்கிழமை லெட்டர் வந்திருக்கும், திங்கட்கிழமை போயிருப்பான், பாலும் கொஞ்ச காலம் சிந்தாமல் இருந்திருக்கும். நானே அவனிடம் மெதுவாகச் சொன்னேன், நீ போய்விடு, பிறகு நாங்கள் தேடிக்கொள்கிறோம் என்று. அவன் முடியாது என்று தலையை ஆட்டினான்.

"சரியாவல மேடம். ஒளிஞ்சிகினு இருக்குது. எழுதிக் காட்டறதுக்கு ஆவற அந்த நேரத்துல தப்பிச்சிக்குது, அவ்ளோதான். இத வச்சிட்டு போனா எனக்கு அங்க போயும் தூக்கம் வராது."

தேடினான். ஒரு வழியாக எங்கே என்று கண்டுபிடித்தான்.

பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு விழுந்த பிறகுதான் சாம்பார் வர வேண்டும். பழைய பிராசஸர்கள் எல்லாம் சொன்ன வரிசையில் பரிமாறும். புதியதோ வேகத்துக்குப் பேர் போனது, எந்த வாளி முதலில் கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு ஓடும். டிரைவர், புதிய கட்டளையை நினைவகத்தில் எழுதிவிட்டு, 'எடுத்துக்கொள்' என்று கார்டுக்கு மணியடிக்கிறது. இந்தப் பிராசஸரில் சில சமயம் மணி முந்திக்கொள்ளும். கார்டு வந்து பார்த்தால் பழைய கட்டளைதான் அங்கே கிடக்கும், அதையே இன்னொரு முறை செய்துவிடும். பாக்கெட்டில் இரண்டாவது தடவை பால்.

இப்படி ஒரு பிராசஸர் என்றைக்காவது வரும் என்று அருளுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அதனால் மணியடிப்பதற்கு முன்னால் 'முதலில் சொன்னது போய்ச் சேரும் வரை நில்' என்று ஒரு வரியை டிரைவரில் எல்லா இடத்திலும் வைத்திருந்தான். அந்த வரி நடு அடுக்கில் உள்ள ஒரு சின்ன நிரலைக் கூப்பிடும். பழைய பிராசஸர்களுக்கு அது தேவையில்லை என்பதால் அந்த நிரலுக்குள் ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. எங்கள் நிரல்களை அலசிக் குறை சொல்லும் டூல் ஒன்று உண்டு. அது இந்த வரிகளையெல்லாம் எடுத்துக் காட்டி, 'பயனில்லாதது' என்று சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தது. சுத்தம் செய்யும் வேலை அப்போது திவ்யாவிடம் இருந்தது. அவள் எல்லாவற்றையும் நீக்கினாள். எங்கள் எல்லோருக்கும் சிவப்புக் கோடு போனதில் சந்தோஷம்.

பிறகு புதிய பிராசஸர் வந்தது. அருள் அதற்கான கூட்டை மறக்காமல் நிரப்பினான், சரியாகவே நிரப்பினான். உறுதியான பூட்டு வாங்கி வந்தாகிவிட்டது, கதவிலிருந்த கொண்டியைத்தான் முன்பே கழற்றியிருந்தோம். கூட்டுக்குள் எல்லாம் இருந்தது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. எங்களைப் போன்ற கூட்டத்தைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது.

வரியை மறுபடி வைத்தோம். பால் நின்றது. ஓசூர்க்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பும்போது காரில் திவ்யா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். அருள் முன் சீட்டிலிருந்து, "ஏம்மா, நீ எடுத்தப்ப சரின்னு அப்ரூவ் பண்ணது நாந்தான். போன்ல எவங்கிட்டயோ பேசிகினே பட்டனை அழுத்திட்டேன். அப்ரூவல்ல எம்பேர்தான் இருக்குது பாரு," என்றான். லெட்டர் வரவேண்டிய வாரத்தில் அந்தப் பேர் அங்கே இருப்பது அவனுக்கு எவ்வளவு கெடுதல் என்று எனக்கு உடனே உறைத்தது. நானும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். மேஜையின் நடுவில் ஸ்பீக்கர் போன், அதில் ஓசூர் மேனேஜர். அருள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான், தான் அப்ரூவ் செய்ததையும் சேர்த்து. டைரக்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பிழை சிக்குச்சு, சந்தோஷா. ஆனா இதே மாதிரி இன்னும் எங்கெங்க இருக்கோ யாருக்குத் தெரியும்? அருள், அப்ரூவல் உங்க பேர்ல இருக்கு. எல்லா பிராசஸரையும் மறுபடி செக் பண்ணிக் குடுத்துட்டுப் போங்க. ஒரு மூணு மாசம். லெட்டர் அப்ப வாங்கிக்கலாம்."

"சார், திங்கக்கெழம நான் அங்க சேரணும். லெட்டர் இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்ட்டுக்குவாங்க."

"அந்த வரிய எடுத்தது நானுங்க சார்," என்றாள் திவ்யா. "அவரு இல்லீங்க."

"எடுத்தது யாருன்னு கேக்கலம்மா. ஒப்புக்கிட்டது யாரு?"

ஸ்பீக்கரிலிருந்து ஓசூர்க்காரர் குரல் வந்தது. "சார், எங்களுக்கு அருள் சார்தான் வேணும். ஒரு வருஷத்துக்கு அவர்தான் பாப்பாருன்னு ஒரு மெயில் போட்டுடுங்க. மீதி மெஷின் எல்லாத்துக்கும் உங்க கார்டையே போடறோம்."

டைரக்டரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அருளின் ஒரு வருஷத்தை எடுத்துப் பரிமாற அவர் தயாராகிவிட்டார். அருள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்கு வசதி. அருள் இருந்தால் டிரைவர் சரியாகும், வாடிக்கையாளர் நிற்பார், எனக்கு ஓய்வு பெற மிச்சமிருந்த காலம் அலுங்காமல் கழியும். முழங்கால் வலி வேறு. புதிதாக எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளும் வயசா எனக்கு என்று தோன்றியது. ஆனால் அவன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை. ஓசூர்க்காரரிடம் பிறகு கூப்பிடுகிறோம் என்று சொல்லி, போனை நானே அணைத்தேன். டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நாம அவங்களுக்கு என்ன வித்தோம்?" என்று கேட்டேன்.

"என்ன மேடம் இது கேள்வி? டிரைவர். எந்த ஓ.எஸ்.லயும் எந்த பிராசஸர்லயும் ஓடற டிரைவர்."

"ஆனா அது கே.ஜி.எஃப். ரயிலு வந்தாத்தான் ஓடுது. ரயிலு லேட்டான அன்னிக்கு நம்ம டிரைவரும் லேட்டு. ஓ.எஸ். வேணாம், பிராசஸர் வேணாம்னு எல்லாத்தையும் கழட்டிக் கொண்டுபோய் ஒரு ஆளு முதுகுல கட்டிட்டோம். அவங்க இப்ப கேக்கறது டிரைவரை இல்ல, அந்த ஆளை. ஆளை நாம விக்கல சார்."

"தத்துவ பேடா மேடம், அதெல்லாம் வேண்டாம். யார் பாக்கறது? அதை மட்டும் சொல்லுங்க."

நியாயமான கேள்விதான். அறையில் இருந்தவர்களைப் பார்த்தேன். எல்லோரும் கெட்டிக்காரர்கள், என்னைவிட இளையவர்கள். ஒவ்வொருவராக லேப்டாப்புக்குள் குனிந்தார்கள். அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. அருளுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எவன் அந்த நுகத்தடிக்குள் கழுத்தை நீட்டுவான்?

"நான் பாக்கறேன்," என்றேன்.

"நானும் இருக்கேனுங்க சார்," என்றாள் திவ்யா.

டைரக்டர் என் நரைத்த தலையையும் அவளுடைய சின்ன முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வந்திருக்கும், அடக்கிக்கொண்டார். ஓசூருக்குப் போகிற மெயிலில் குழுவின் பெயர் இருக்க வேண்டும், ஆளின் பெயர் இருக்கக்கூடாது என்றும் சொன்னேன். பேனாவை மேஜையில் உருட்டினார்.

"ஆயித்து. இன்னொரு தடவ பால் ஓடுச்சுன்னா நேரா உங்ககிட்டதான் வருவேன்."

"வாங்க சார். நான் எங்க போயிடப்போறேன்?"

மத்தியானம் லெட்டர் வந்தது. கேட் வரைக்கும் நான் அருளோடு நடந்தேன். அவன் கவரைப் பைக்குள் வைத்து, திரும்ப எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தான்.

"வீட்ல லெட்டர் வராதுன்னு சொல்லிட்டேன் மேடம். மீட்டிங்குக்கு முன்னாலயே போன் பண்ணி, எம்பேர் இருக்குது, குடுக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டேன். இப்ப இன்னா சொல்றதுன்னே தெரியல."

"போன் எதுக்கு? நேரா போய் நில்லு. ரயிலுக்கு நேரமாச்சு, கெளம்பு."

அவன் போன பிறகு வாட்ச்மேனின் ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, என்ன தைரியத்தில் ஒப்புக்கொண்டோம் என்று.

பயப்பட்டதற்குக் குறைவில்லாமல் பட்டேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பிராசஸர் கையேடுகளைப் படித்தேன். ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்று என்னை நானே கேலி செய்துகொண்டேன். திவ்யா ஒரு நாளில் புரிந்துகொள்வது எனக்கு ஒரு வாரம் ஆகும். அந்தப் பாலிடெக்னிக் பிள்ளைகளைவிட நான் மோசமான மாணவி. ஆனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி உடைத்துப் பார்ப்பது. ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது எதுவும் அடுக்குக்குள் இருக்கக்கூடாது. காலியான கூடாக இருந்தாலும், அது ஏன் காலியாக இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதனால் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. டைரக்டர் முணுமுணுத்தார்.

நடுவில் ஒரு முறை ஓசூரில் மறுபடி பால் ஓடியது. சொன்னபடியே டைரக்டர் நேராக என்னிடம் வந்து நின்றார். இந்தத் தடவை வேறு காரணம், அந்தப் பிராசஸரின் இன்னொரு குணம். ஆனால் அது அப்போது எங்களுக்குத் தெரியாது. அருளின் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிட்டால் எடுத்திருப்பான், ஐந்து நிமிஷத்தில் சொல்லியும் இருப்பான். திவ்யா என்னைப் பார்த்தாள், நான் போனைப் பார்த்தேன். கூப்பிடவில்லை, கையேட்டைப் புரட்டி நாங்களே கண்டுபிடித்தோம். அவன் போனதிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாள்வரை டிரைவர் விஷயமாக அவனுக்கு ஒரு போன்கூடப் போகவில்லை. என் வேலைக்காலத்தில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் இருக்கிறது. அவனே ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டான். பின்னால் பிள்ளைகள் போடும் சத்தத்தில் அவன் பேசியது பாதி கேட்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் பிராசஸரையும் டிரைவரிலிருந்து பிரித்துவிடலாம், நாங்கள் பிரித்தோம். பிரித்தது ஆவியாகிவிடாது, நடு அடுக்கில் போய் உட்காரும். அந்த அடுக்கை எழுதியவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் டிரைவர் எவ்வளவு தூரம் தன் காலில் நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு ஒருவரைப் போடுவதாகச் சொன்னார்கள். போடவில்லை. இப்போது அந்த அடுக்கு முழுவதும் திவ்யா ஒருத்தியிடம் இருக்கிறது. உங்கள் திட்டமும் அதன் மேல்தான் ஏறப்போகிறது. அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம். போன வாரம் என்னிடம் பேசினாள், குறையாகச் சொல்லவில்லை. "லேப்டாப்பையும் ஊருக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லீட்டாங்க மேடம். பரவால்லீங்க, கொழந்தை தூங்கற நேரத்துல பாத்துக்கறேன்," என்றாள். பிறந்த குழந்தை எப்போது தூங்கும் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் விடுப்பைப் பற்றிப் பேச வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் இருக்கிறதாம். அந்த அறையில் எனக்கு இப்போது நாற்காலி கிடையாது. உங்களுக்கு இருக்கிறது.